உயிரோடிருந்த மாமாவுக்கு ஓர் இரங்கற்பா

என் மாமாவை நான் கொன்றது எட்டாம் வகுப்பு படிக்கும்போது. பேனாவால்தான் கொன்றேன், அதுவும் இருபது மதிப்பெண்ணுக்காக. பத்தொன்பது கிடைத்தது. அந்த ஒரு மதிப்பெண் எங்கே போயிற்று என்றுதான் அப்போது எனக்கு வருத்தம். மற்ற வருத்தமெல்லாம் பிறகு வந்தது.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு வேலைக்குப் போகிற வயது வந்தபோது சுரங்கத்தை மூடிவிட்டார்கள். சில வருடம் அங்கிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வந்துபோய், கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். பிறகு ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டட ஆபீஸில் இரவுக் காவல் வேலை கிடைத்தது. இரவு வேலைக்கு ரயில் ஒத்துவரவில்லை. "ரூம் கெடைக்கிற வரைக்கும் ஒரு பத்து நாள் இருந்துக்கறேன்க்கா" என்று ஒரு டிரங்குப் பெட்டியோடு பெங்களூர் அடுகோடியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நான் சொல்லப்போகிற கதை நடந்தபோது அந்தப் பத்து நாளுக்கு மூன்று வயதாகியிருந்தது.

எங்கள் வீடு ஒரே அறை, ஒரு சமையலறை. கீழே லேத் பட்டறை, மேலே நாங்கள். மாமா காலை ஏழரைக்கு வந்து, சாப்பிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்தால் மாலை ஐந்தரைக்குத்தான் எழுவார். கீழே பட்டறை நாளெல்லாம் கத்தும், அதில் அவருக்கு ஒன்றும் ஆகாது. நான் அறைக்குள் பென்சில் சீவினால் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஆகையால் பள்ளி விட்டு வந்ததும் எனக்கு வெளியே மாடிப்படிதான். வீட்டுப்பாடம், முறுக்கு, கொசுக்கடி எல்லாம் அங்கேதான். அம்மா அக்கம்பக்கத்துக்கு ப்ளவுஸ் தைப்பவள், ஆனால் பகலில் மெஷினைத் தொடமாட்டாள். அப்பா அடுத்த தெருப் பட்டறையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர். சனிக்கிழமை இரவு மாமாவுக்கு லீவு. அன்று அப்பா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார். இதையெல்லாம் ஒரு குறையாக மாமாவின் எதிரில் யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை.

இத்தனைக்கும் வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் மாமாதான். காரணம், அவர் எனக்கு வார்த்தை கொண்டுவருவார். மற்ற பிள்ளைகளின் மாமாக்கள் மிட்டாய் வாங்கி வருவார்கள், என் மாமா அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் சுவரிலும் பலகையிலும் எழுதியிருக்கிற பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தைகளை விசிட்டர் சீட்டின் பின்பக்கத்தில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார். பத்தாவது வரை தமிழில் படித்தவர். எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. காலையில் அவர் படியேறும்போது நான் பள்ளிக்கு இறங்குவேன். நடுப்படியில் சீட்டு கை மாறும். மாலையில் அவர் டியூட்டிக்கு இறங்கும்போது நான் அகராதியைப் பார்த்து வைத்த அர்த்தத்தைச் சொல்ல வேண்டும். மறுநாள் அந்த வார்த்தையைத் தன் சூப்பர்வைசர் மேலேயே பிரயோகித்துப் பார்த்துவிடுவார்.

ஒருநாள் வந்த வார்த்தை, இண்டிஸ்பென்சபிள்.

"நீ இல்லன்னா வேலையே நடக்காது, உன்ன விட்டா முடியாதுன்னு அர்த்தம் மாமா" என்றேன்.

மாமா படியிலேயே நின்றுவிட்டார். "லிஃப்ட் பக்கத்துல பெருசா போட்டிருக்கான் பாப்பா. எங்க ஆளுங்க எல்லாரும் இதுதான்னு. அப்ப என்னையுந்தான சொல்றான்?"

"உன்னையுந்தான்" என்றேன். அன்றைக்கு அவர் தெருமுனை வரை நடந்துபோன நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு புது இங்கிலீஷ் மிஸ் வந்தார். மங்களூர்க்காரர். தமிழ் பேசமாட்டார், ஆனால் ஒரு சொல் விடாமல் புரிந்துகொள்வார். பெங்களூரில் அப்படி நிறையப் பேர் உண்டு, அவர்கள் முன்னால் வாயை அடக்கிக்கொள்ள வேண்டும். மிஸ் வந்த வாரமே ஐம்பது இலக்கியச் சொற்கள் கொண்ட ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டார். சிமிலி, மெட்டஃபர், ஐரனி, ஆக்ஸிமோரான் என்று போகும். எனக்கு அது தீனி போட்ட மாதிரி இருந்தது. ஒரே வாரத்தில் உருப்போட்டுவிட்டேன். அம்மா "சோறு மலையாட்டம் கெடக்குது, சாப்புடு" என்றால், மிகைப்படுத்திச் சொல்கிறாள் என்று "இது ஹைப்பர்போலி" என்பேன். வாங்கிய குட்டுக்குக் கணக்கில்லை.

அந்தத் தாளில் இருபத்தொன்றாவது சொல் எலிஜி. இறந்தவரை நினைத்து எழுதும் பாட்டு, அதாவது இரங்கற்பா. மிஸ் அதற்கு மூன்று பகுதி என்று கரும்பலகையில் எழுதினார். முதலில் புலம்பல், அடுத்து புகழ்ச்சி, மூன்றாவது ஆறுதல். இறந்தவர் போய்விட்டார், இருப்பவர்களுக்கு இனி என்ன நல்லது மிச்சம் என்று சொல்லி முடிக்க வேண்டும். காலம் காயத்தை ஆற்றும், கடவுள் துணையிருப்பார் என்றெல்லாம் பொத்தாம்பொதுவாக எழுதினால் மார்க் கிடையாது. கண்ணால் பார்த்த, கையால் தொட்ட விஷயமாக எழுத வேண்டும். நீங்கள் இழந்த ஒருவரைப் பற்றி எழுதி வாருங்கள் என்றார்.

எனக்கு இழக்க ஆளில்லை. எங்கள் வீட்டில் செத்தவர்களெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே செத்துத் தொலைத்திருந்தார்கள். பக்கத்து பெஞ்சுப் பெண் அவள் வீட்டு நாயை எழுதுகிறேன் என்றாள், எங்களுக்கு நாயும் கிடையாது. மாலையில் படியில் உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். இருட்டு அறையில் மாமா தலையோடு போர்த்திக்கொண்டு நேராக நீட்டிப் படுத்திருந்தார். கால் கட்டைவிரல் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. அப்பாவைச் சாகடித்தால் பாவம், அம்மாவை நினைத்தே பார்க்க முடியாது. மாமா தயாராகப் படுத்திருந்தார், எழுதிவிட்டேன்.

அவர் கொண்டுவந்த வார்த்தைகள் அத்தனையையும் அவர் சாவுக்கே போட்டேன். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. மூன்றாவது பகுதியில் மிஸ் சொன்னபடி, பொத்தாம்பொதுவாக ஒரு வரியும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அசெம்பிளியில் பிரார்த்தனை முடிந்தது, உறுதிமொழி முடிந்தது, கலைந்து போகப்போகிறோம் என்று நினைத்த நேரத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் மைக்கைப் பிடித்தார். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் அன்பு மாமாவைப் பறிகொடுத்திருக்கிறாள், அவருக்காக ஒரு நிமிடம் மௌனம் என்றார். பள்ளிக்கூடமே தலைகுனிந்து நின்றது. நானும் குனிந்து நின்றேன். அந்த நேரத்தில் மாமா வீட்டில் உப்புமாவுக்குச் சர்க்கரை கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்திருப்பேன், ஆனால் அதற்குள் மிஸ் கண் கலங்க என் தோளில் கை வைத்துவிட்டார். நோட்டில் பத்தொன்பது மார்க் இருந்தது, இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று மிஸ் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். யாருக்கும் எதையும் கொடுக்காத கிளாஸ் லீடர் தன்னுடைய முட்டை பஃப்ஸை அப்படியே எனக்குக் கொடுத்தாள். அதை வேறு தின்றுவிட்டேன். தின்ற பிறகு எப்படி உண்மை சொல்வது?

மாலையில் படியில் மாமா கேட்டார். "இன்னா பாப்பா, மூஞ்சி தொங்கிப்போயிருக்குது?" நான் அவர் முகத்தைப் பார்க்காமலே அன்றைய வார்த்தைக்கு அர்த்தத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சடங்கு உண்டு. என் இங்கிலீஷ் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை நான் உரக்கப் படித்து, வரிக்கு வரி தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டும். நான் யுகேஜி படிக்கும்போது அப்பா தொடங்கிவைத்தது. அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்பாள். மாமா வந்த பிறகு முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்வது அவர்தான். அந்த ஞாயிறு, நோட்டு மிஸ்ஸிடமே இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

மாமாதான் போய்த் திறந்தார். லுங்கி, பனியன், தோளில் துண்டு. வாசலில் மிஸ், கிளாஸ் லீடர், இன்னொரு பெண். மிஸ் கையில் ஒரு பை ஆப்பிள், லீடர் கையில் வகுப்பே கையெழுத்துப் போட்ட ஒரு அட்டை. எனக்கு உயிர் போய்விட்டது.

"ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்" என்றார் மிஸ், தாழ்ந்த குரலில்.

வீட்டு வாசலில் ஒருவர் தன்னிடம் இங்கிலீஷ் பேசுவது மாமாவுக்கு அதுதான் முதல் தடவை. நிமிர்ந்து நின்று, "தேங்க் யூ மேடம், வெல்கம், ப்ளீஸ் கம்" என்று கதவை அகலத் திறந்தார்.

மிஸ் நேராக அம்மாவிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நிம்ம தம்மன விஷய கேளி தும்ப பேஜாராய்த்து" என்றார். உங்கள் தம்பி விஷயம் கேட்டு மனசே சரியில்லை என்று கன்னடத்தில் சொன்னதும் அம்மா மெல்லத் திரும்பி, கதவருகே நின்ற மாமாவை உச்சி முதல் கால் வரை ஒருமுறை பார்த்தாள். இருக்கிறாரா என்று சரிபார்த்த மாதிரி இருந்தது.

"எனக்கு ஒரே தம்பிதான் மிஸ்" என்றாள் தமிழிலேயே. "தோ நிக்கிறானே."

மிஸ் மாமாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். லீடர் தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். முட்டை பஃப்ஸ் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். நான் சமையலறைக்கு ஓடப் பார்த்தேன், அம்மா பின்னலைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "உயிரோட இருக்கிறவன சாவடிச்சிட்டு வந்திருக்கியாடி?" அவள் ஓங்கிய கையை மாமா வந்து பிடித்தார்.

"உடுக்கா. சும்னே எதுக்குக் கொழந்தைய அடிக்கற?" சொல்லிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஒரு ஆப்பிளை எடுத்துத் துண்டில் துடைத்துக் கடித்தார். "எனக்கு வந்த ஆப்பிள நானே துன்றேன் பாரு."

பாவம் மிஸ். கோபித்துக்கொள்ளக்கூட அவருக்குத் தெரியவில்லை. காலையெல்லாம் இதைப் படித்து அழுதேனே என்று கன்னடத்தில் முனகியபடி கைப்பையிலிருந்து என் நோட்டை எடுத்தார். மாமாவின் கண் அதன் மேல் விழுந்தது.

"இன்னிக்கு இதையே படி பாப்பா. தன் சாவுக்கு எழுதினதத் தானே உக்காந்து கேக்கறதுக்குக் குடுத்துவச்சிருக்கணும்."

மிஸ்ஸுக்கு நாற்காலி போடப்பட்டது. மாமா முன்வரிசையில் சம்மணம் போட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் படித்தேன்.

புலம்பலுக்கு மாமா உச்சுக்கொட்டினார். புகழ்ச்சிக்கு வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு பூரிப்பு. அவர் கொண்டுவந்த சீட்டு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வர வர, விரல் விட்டு எண்ணினார். இண்டிஸ்பென்சபிள் வந்ததும் அப்பா பக்கம் திரும்பி, "நான் குடுத்த வார்த்த" என்றார். அப்பா கண்ணைத் திறக்காமல் தலையாட்டினார்.

அங்கேயே நோட்டை மூடிவிட்டேன். மூன்றாவது பகுதி அப்போதுதான் என் கண்ணில் பட்டது. எழுதியபோது அது மார்க்காகத் தெரிந்தது. மாமா எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வேறு மாதிரி தெரிந்தது. "அவ்ளோதான்" என்றேன்.

மிஸ் நல்ல மனுஷி. குழந்தை வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, கடைசிப் பகுதிதான் இருப்பதிலேயே அருமை, அதை விடக் கூடாது என்றார். தமிழை மாற்றிச் சொல்லி ஏமாற்றலாம் என்றால், ஒரு சொல் விடாமல் புரிந்துகொள்கிறவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். வேறு வழியில்லாமல் படித்தேன்.

இனி எங்கள் அறையில் பகலில் வெளிச்சம் வரும். இனி நான் படியில் உட்கார வேண்டியதில்லை. இனி அம்மா பகலிலும் மெஷின் ஓட்டலாம். இனி சனிக்கிழமைகளில் அப்பா சமையலறைக்குப் பாயைத் தூக்கிப் போக வேண்டாம். மாமா டியூட்டிக்குக் கிளம்பிப்போன பிறகு, இன்னும் எத்தனை நாள் என்று அப்பா அம்மாவைக் கேட்க வேண்டாம். எனக்கு எப்படித் தெரியும் என்று அம்மா அழ வேண்டாம். மாமா, உன் இழப்பில் எங்களுக்கு மிஞ்சியது இவ்வளவு.

கடைசி வரிக்குத் தமிழ் சொல்லி முடித்தபோது கீழே பட்டறையும் ஞாயிறு என்பதால் ஓய்ந்திருந்தது. அப்பா கண்ணைத் திறந்திருந்தார். தரையைப் பார்த்தார். அம்மா உருவி முடித்த கறிவேப்பிலைக் காம்பையே மறுபடி உருவிக்கொண்டிருந்தாள். மாமா அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். இவள் கற்பனை செய்து எழுதியிருக்கிறாள் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். எனக்கே அது தோன்றியது, ஆனால் நாக்கு எழவில்லை.

"நல்லா எழுதியிருக்க பாப்பா" என்றார் மாமா. "ஒரு மார்க் எதுக்கு கொறச்சாங்கன்னு தெரியல."

கத்தி எடுத்து வந்து வந்தவர்களுக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தார். மிஸ் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு தின்னாமல் எழுந்து போனார்.

விளக்கு வைத்ததும் அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து மாமாவுக்குச் சுற்றிப் போட்டாள். உயிரோடிருக்கிறவருக்குச் சாவுப் பாட்டு எழுதியது ஆகாது, ஆயுசுக்கு ஆகாது என்று முணுமுணுத்தாள். நானும் என் குற்றம் அதுதான் என்று நம்பினேன். டியூட்டிக்குக் கிளம்பிய மாமாவைப் படியில் மறித்து, "உன்ன சாவடிச்சது தப்புதான் மாமா" என்று அழுதேன்.

"அது ஒண்ணுமில்ல பாப்பா" என்றார் மாமா. "செத்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

அடுத்த ஞாயிறு மாமாவுக்கு ரூம் கிடைத்துவிட்டது. மூன்று வருடமாகக் கிடைக்காத ரூம் ஒரே வாரத்தில், ஆனேக்கல் பக்கம், நாலு காவலாளிகளோடு சேர்ந்து. டியூட்டிக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். அவ்வளவு தூரத்தில் எதற்கு என்று அம்மா அழுதாள், போகாதே என்று மட்டும் சொல்லவில்லை. அப்பா தானே டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கிப் போனார். நடுப்படியில் மாமா என்னிடம் நின்றார். சீட்டு தரப்போகிறார் என்று கையை நீட்டினேன்.

"இன்னிக்கு வார்த்த நீதான் குடுக்கணும். வாயத் தொறந்து யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க, ஆனா சும்மா இருக்கறதுலயே சொல்லிடுவாங்க. அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்த இருக்கும் பாப்பா. பாத்து வை."

சூப்பர்வைசரிடம் பேசுவதற்குத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை வரை அகராதியைப் புரட்டினேன். அர்த்தத்திலிருந்து வார்த்தையைத் தேட அந்த அகராதியில் வழியில்லை. ஐம்பது இலக்கியச் சொற்களிலும் அது இல்லை. திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்தபோது ஜன்னல் திரை விலகிக் கிடந்தது, அறை முழுக்க வெயில், அம்மா மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் எழுதியது ஒரு வரி பிசகாமல் நடந்திருந்தது. உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை, பையோடு படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வார்த்தை பல வருடம் கழித்துக் கல்லூரியில், ஒப்பந்தச் சட்டம் நடத்திய வகுப்பில் கிடைத்தது. டேசிட். வாயால் சொல்லாமல், மௌனத்தாலேயே தெரிவித்த சம்மதம் என்று போர்டில் எழுதிப் போட்டார்கள். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள், எனக்குப் பேனா ஓடவில்லை. யாரைப் பற்றி மாமா கேட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஞாயிறு வாயைத் திறக்காதவர்களில் நானும் ஒருத்தி.

மாமா இப்போதும் பொங்கலுக்கு வருகிறார். கல்யாணமாகி ஆனேக்கலிலேயே தங்கிவிட்டார். பழங்களோடு வந்து, நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, சாப்பிடும் முன்பே கிளம்பிவிடுவார். எங்கள் வீட்டுத் தரையில் அவர் மறுபடி தலை சாய்த்ததே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தபடி கேட்பார், "அந்த வார்த்த கெடச்சுதா பாப்பா?"

"இன்னும் தேடிக்கினுதான் இருக்கேன் மாமா" என்பேன். அப்பாவும் அம்மாவும் பக்கத்திலேயே நிற்பார்கள். ஒன்றும் சொல்லமாட்டார்கள்.